காது வலிக்காத மாஸ்க்

"இதைவிடப் பெரிசு இல்லையா? மூஞ்சி முழுசா மூடணும்" என்றாள் ஜானகி.

சௌம்யாவுக்குச் சுருக்கென்றது. வைட்ஃபீல்ட் மெயின் ரோட்டு மருந்துக்கடையில் மாமியாருக்குப் பக்கத்தில்தான் அவளும் நின்றிருந்தாள். உதட்டோரம் தொடங்கி இடது கன்னம் வரை பரவியிருந்த வெண்புள்ளிகள், கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் இன்னும் பளிச்சென்று தெரிந்தன.

கடைக்காரர் மஞ்சுநாத் அவளை ஒரு பார்வை பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எவ்ளோ நேரம் போடணும்மா?"

"அமெரிக்கா பிளைட். பதினாறு மணி நேரம். சாப்பிடறப்போ தவிர கழட்டவே கூடாது."

எல்லாம் காலையில் அவள் புருஷன் தருண் ஆரம்பித்து வைத்தது.

"நம்ம பிளைட்லதான் எங்க மேனேஜர் கிரண் சாரும் அவர் ஒய்ஃபும் வர்றாங்க. நீ ஒரு மாஸ்க் போட்டுக்கோயேன், சௌம்யா. இப்பவும் நிறைய பேர் போடறாங்க. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... இன்ஃபெக்‌ஷன் அது இதுன்னு..." அவள் முகத்தைப் பார்க்காமல் இட்லியைப் பிய்த்தான்.

"எனக்கு இருக்கிறது யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் உங்க முன்னாடிதானே சொன்னார்?"

"அதுக்கில்ல..."

"எதுக்குன்னாலும் போட மாட்டேன்."

கல்யாணமான அடுத்த வருஷம் வந்த புள்ளிகள். அழுது தீர்த்த காலமெல்லாம் போய்விட்டது. அவளிடம் படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், "மிஸ், உங்க கன்னத்துல மேப் இருக்கு" என்று சொன்ன அன்றைக்கு, அவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்துவிட்டாள். அதோடு சரி. சிரிக்க முடியாதவன் தருண் ஒருவன்தான். ஆபீஸ் விழாக்களுக்கு அவளைக் கூட்டிப் போவதையே நிறுத்திவிட்டான்.

அவளிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் சமையலறைப் பக்கம் திரும்பினான்.

"அம்மா, போட்டுக்க வசதியா நல்ல மாஸ்க் ஒண்ணு நீயே வாங்கிடு. நான் சொன்னா இவ சண்டைக்கு வர்றா."

"சரிடா. வாங்கிடறேன்."

அவ்வளவுதான். ஒரு மறுபேச்சு இல்லை. புருஷன் சொன்னதைவிட மாமியார் சொன்ன அந்த 'சரி'தான் சௌம்யாவுக்கு அதிகமாக வலித்தது. போதாததற்கு, "நீயும் கிளம்பு, கடை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று கையோடு இழுத்து வந்திருக்கிறாள்!

மஞ்சுநாத் ஒன்றை எடுத்து வைத்தார். "இது எல்லாத்தையும் நல்லாத் தடுக்கும். ஆனா சொல்ப... கொஞ்சம் டைட்டு. மூக்குல தழும்பு விழும்."

"வேண்டாம், வேண்டாம். தழும்பு ஆகாது."

அடுத்ததை ஜானகி தானே மாட்டிப் பார்த்தாள். "காதை அறுக்குதே." இன்னொன்றைப் போட்டுக்கொண்டு கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தாள். "பேசினா துணி வாய்க்குள்ள போகுது. வேற காட்டுங்க."

புடவைக்கடையில்கூட அவள் இவ்வளவு நேரம் நின்றதில்லை. வார் நீளத்தை இழுத்துப் பார்த்தாள். உள்துணியைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். கடைசியில், வாயில் ஒட்டாமல் தள்ளி நிற்கிற, மெத்தென்ற கறுப்பு மாஸ்க் ஒன்று பிடித்துப்போனது.

"இதுல பெரிய சைஸ் குடுங்க."

சௌம்யாவின் முகமோ உள்ளங்கை அகலம். ஒரு புள்ளிகூட வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று பார்க்கிறாள், மகராசி!

"அத்தை, நான் இதைப் போட மாட்டேன்." கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். மாத்திரை வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன்னை யாரு கேட்டா?" என்றாள் ஜானகி, திரும்பிக்கூடப் பார்க்காமல். "நீங்க பில் போடுங்க."

அன்று சாயங்காலம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது சௌம்யா கூந்தலை இழுத்து வாரி உச்சியில் கட்டினாள். கன்னத்தை மறைக்க ஒரு முடிகூட விடவில்லை. உதட்டுக்கு நல்ல சிவப்பாகச் சாயம் பூசிக்கொண்டாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

வண்டியில் மூன்று பேரும் ஏறினார்கள்.

டெர்மினல் வாசலில் பெட்டிகளை இறக்கி முடிப்பதற்குள், தூரத்தில் கிரண் கையை ஆட்டிக்கொண்டே டிராலியைத் தள்ளி வந்தார். கூடவே அவர் மனைவி.

தருணுக்கு வேர்த்துவிட்டது. "அம்மா, சீக்கிரம்! அவங்க வந்துட்டாங்க. மாஸ்க் எங்கே?"

ஜானகி கைப்பையைத் திறந்தாள்.

சௌம்யா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். குரல் உடையவில்லை.

"அத்தை, பெரியவங்கன்னு பார்க்கிறேன். கிட்ட வராதீங்க. என் மூஞ்சியை நான் யாருக்காகவும் மறைக்க மாட்டேன். இதைப் போட்டாத்தான் பிளைட் ஏறலாம்னா, எனக்கு அமெரிக்காவே வேண்டாம். இப்படியே ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போறேன்."

"சௌம்யா, சீன் கிரியேட் பண்ணாதே!" என்று பல்லைக் கடித்தான் தருண்.

ஜானகி நிதானமாகக் கவரைக் கிழித்து, மாஸ்க்கை வெளியே எடுத்து உதறி விரித்தாள். சௌம்யாவைத் தாண்டிப் போய் மகன் முன்னால் நின்றாள். எக்கி, அவனுடைய ஒரு காதில் மாட்டினாள். மறு காதிலும் மாட்டினாள்.

"அம்மா! என்ன பண்றே? எனக்கு எதுக்கு?"

"வெட்கப்படறவன்தானேடா மூஞ்சியை மூடிக்கணும்?" என்றாள் ஜானகி.