சனிக்கிழமைக்கு ஒரு புயல்

“இன்னொரு தடவை படிங்க பாய். நல்லாப் பாத்துப் படிங்க,” என்றான் மீரான்.

பக்கத்துக் கடை பரக்கத் அலி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மூன்றாம் முறையாகப் பத்திரிகையைப் படித்தார். “கரையோரத்துல காத்து லேசா அடிக்கும். மழைக்கு அறிகுறி இல்லை. இதுக்கு மேல நானாவா சேத்துப் படிக்க முடியும்?”

“ஆபீஸ்ல உக்காந்து எழுதுறவனுக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்?” என்று முனகிக்கொண்டே மீரான் தன் வளையல் கடையைச் சாத்தினான்.

அவன் கவலை அவனுக்கு. நிக்காஹ் முடிந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. மனைவி நஜீமா இன்னும் அதிராம்பட்டினத்தில் தாய் வீட்டில்தான் இருக்கிறாள். மாமனார் ஜெகபர் சாதிக் மரைக்காயர் மூன்று தோணிகளுக்குச் சொந்தக்காரர். புது மாப்பிள்ளையைத் தோணியில் ஏற்றி, கரை கண்ணுக்கு மறைகிற தூரம் வரைக்கும் மாமனாரே கூட்டிப்போய்த் திரும்புவது அந்த வீட்டு வழக்கம். வருகிற சனிக்கிழமை காலையில் ஏறியாக வேண்டும். பாதி ஊர் கரையில் நின்று பார்க்கும்.

அன்று புதன்கிழமை. திருச்சிக்கு வானொலி வந்து மூன்று மாதம் முழுசாக முடியவில்லை. பார்க்கில் வைத்திருந்த ரேடியோவுக்கு அடியில் மீரான் கால் கடுக்க நின்றான். பாட்டு வந்தது, நெல் விலை வந்தது, கடைசியில் வானிலையும் வந்தது. கடல் அமைதியாக இருக்குமாம்.

“ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. இந்த வருஷம் பஞ்சுகூடப் பறக்கலையே,” என்றார் பக்கத்தில் நின்றவர். மீரான் அவரை முறைத்துவிட்டு நடந்தான். அந்த மனுஷர் என்ன பாவம் செய்தாரோ.

வழியில்தான் அமிர்தராஜின் நினைவு வந்தது. நாகப்பட்டினம் துறைமுகத்தில் முப்பது வருஷம் புயல் கூண்டு ஏற்றியவர். ஓய்வு பெற்று, ஊரை ஒட்டிய காட்டூரில் குடியிருந்தார். அமிர்தராஜ் ஒன்று சொன்னால் கடல்கூட எதிர்த்துப் பேசாது என்று மாமனாரே கல்யாணப் பந்தியில் சொல்லியிருந்தார். மாமனார் வாயைத் திறந்தால் கடல்தான். அந்தப் புயலில் எங்க தண்டல் பாய்மரத்தை வெட்டிச் சாய்த்தான், இந்த இருட்டில் எங்க தண்டல் கரை பிடித்தான் என்று விடிய விடியப் பேசுவார். தோணியோட்டும் அந்தத் தண்டலின் பெருமையைக் கேட்காத ஆள் பந்தியில் ஒருவர்கூட இல்லை.

வியாழக்கிழமை காலையில் மீரான் காட்டூரில் இருந்தான். வாசலில் சிவப்புக் கரை போட்ட ஓலைப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, அமிர்தராஜ் வஞ்சிரக் கருவாட்டைத் துண்டு துண்டாக வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். பாலக்கரைக் கடைகளில் கண்ணால்கூடக் காண முடியாத உசத்தி ரகம்.

“ஐயா, சனிக்கிழமை அதிராம்பட்டினத்துல கடல் எப்படி இருக்குங்க?”

பெரியவர் எழுந்து உள்ளே போனார். காற்றின் கனத்தைக் காட்டும் பாரமானி சுவரில் தொங்கியது. அதை விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். “தாம்பாளத்துல எண்ணெய் ஊத்தி வச்ச மாதிரி இருக்கும். தைரியமாப் போயிட்டு வாங்க.”

மீரான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “கொஞ்சம்கூடக் கொந்தளிக்காதுங்களா? ஒரு சின்னப் புயல்?”

“தோணி ஏறப் போறவர் கேக்குற கேள்வியா தம்பி இது?”

“ஏறாம இருக்கத்தான் கேக்குறேன் ஐயா,” என்றான் மீரான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? “எனக்குத் தண்ணின்னாலே உதறும். காவேரியில முழங்காலுக்கு மேல இறங்கினது கிடையாது. சம்பந்தம் பேச வந்தப்ப வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம, ஆடிப்பெருக்குல அக்கரைக்கு நீந்தியிருக்கேன்னு அளந்துட்டேன். அதுல மயங்கித்தான் மாமா பொண்ணையே குடுத்தார். இப்ப ஊர் முன்னால தோணியில உக்காந்து நான் அலறினா, நஜீமா என்னை மனுஷனா மதிப்பாளா?”

அந்தப் பெண்ணின் மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை.

“சனிக்கிழமை யாரும் கடல்ல இறங்க வேண்டாம், காத்து சரியில்லைன்னு உங்க கையால நாலு வரி எழுதிக் குடுங்க ஐயா. உங்க எழுத்தைப் பாத்தா மாமா மறுபேச்சுப் பேச மாட்டார்.”

“இந்த முப்பது வருஷத்துல, நேத்து வரைக்கும், நான் பொய்க் கூண்டு ஏத்தினதே இல்ல தம்பி,” என்று பெருமூச்சு விட்டார் அமிர்தராஜ். ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

“உங்க மாமனார் பேரு?”

“ஜெகபர் சாதிக் மரைக்காயர்ங்க. மூணு தோணிக்கு முதலாளி.”

பேனா அந்தரத்தில் நின்றது. பெரியவர் மீரானை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு, கருவாட்டு ஓலைப்பெட்டியை மீரான் பக்கமாக நகர்த்தினார்.

“மருமகன்கிட்ட காட்டணும்னு, இதே நாலு வரியை நேத்துதான் உங்க மாமனார் வந்து எழுதி வாங்கிட்டுப் போனார்.”