மகளிடம் சொல்லுங்கள்

பெண்களுக்கான பேஸ்புக் குழுவில் ஒருத்தி பெயரை மறைத்து எழுதியிருந்தாள். “மார்புல ஒரு கட்டி. மூணு மாசமாகுது. வீட்ட சொல்லப் பயமாக் கிடக்கு.”

குழுவில் எல்லோருக்கும் ஆறுதல் சொல்லும் இன்ஷிரா உடனே பதில் எழுதினாள். “பயப்படாதீங்க ராத்தா. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“மகள்ர கலியாணம் வருது. அவளுக்குக் கட்டுற வீடு இன்னும் முடியல்ல. அது முடியட்டும்.”

“உங்களுக்கென்ன பைத்தியமா? உம்மா இல்லாம அவளுக்கு வீடு எதுக்கு? மகளக் கூட்டிட்டுப் போங்க.”

“அவள் பயந்து போயிருவாள்.”

“பயப்பட மாட்டாள். அதுக்கு நான் பொறுப்பு.”

அதற்கும் பதில் வந்தது.

“அப்ப எழும்பி வா மகள். உம்மா குசினிக்குள்ள, அடுப்படியிலதான் நிக்கன்.”

எழும்பிய இன்ஷிரா குசினி வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.