டிரம்மில் வந்த செருப்பு

துறைமுகத்திலிருந்து மறுபடியும் ஒரு நீல டிரம், சுல்மீரா வீட்டு வாசலில் வந்து இறங்கியது. எதிர்வீட்டு தெயோலிந்தாவுக்கு வயிறு எரிந்தது.

லிஸ்பனுக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள், தீவு நகரமான மிந்தேலுவில் இருக்கும் அம்மாக்களுக்கு இப்படித்தான் டிரம் நிரப்பி அனுப்புவார்கள். திறந்தால் அக்கம்பக்கத்துக்கும் பங்கு உண்டு. தெயோலிந்தா முதல் ஆளாகப் போய் நின்றாள்.

"விடுதலை கேட்டார்னு என் அப்பாவை ஜெயில்லயே சாகடிச்சான் அந்தப் போர்ச்சுகல்காரன். அவன் நாட்டுச் சாமான் என் வாசப்படி ஏறக் கூடாதுடி!"

"தெரியும்க்கா. உங்க பிள்ளை வால்திர் அனுப்பின டிரம்மையே திறக்காம திருப்பி அனுப்பினவங்களாச்சே."

"பின்னே? போகாதேன்னு சொல்லியும், அவனுங்களுக்குக் கட்டடம் கட்டப் போனான். அதோட அவனும் என்னை விட்டுட்டான். உன் ஜோசிமாரைப் பாரு, பண்டிகை தவறாம அனுப்பறான். கொடுத்து வெச்சவடி நீ!"

சுல்மீரா கருவாடும் ஆலிவ் எண்ணெயும் எடுத்து நீட்டினாள்.

"நீ கொடுக்கறியேன்னு வாங்கிக்கறேன். அவன் நாட்டுச் சாமான்னு இல்ல."

டிரம்மின் அடியில் ஒரு ஜோடி தோல் செருப்பு இருந்தது. சுல்மீரா காலை நுழைத்துப் பார்த்தாள். தொளதொளவென்று இருந்தது.

"எனக்குப் பெருசுக்கா. நீங்க போட்டுக்குங்க."

தெயோலிந்தாவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. எரிந்த வயிறும் கொஞ்சம் குளிர்ந்தது.

"போன தடவை சட்டை பெருசு, இந்தத் தடவை செருப்பு பெருசு. பெத்த தாயோட அளவு தெரியாத பிள்ளை, டிரம் அனுப்பி என்னடி பிரயோஜனம்? என் வால்திரா இருந்தா, கண்ணை மூடிக்கிட்டு என் அளவைச் சொல்லுவான்!"

புதுச் செருப்பு சத்தம் போட, தெருவே பார்க்கும்படி நடந்து போனாள்.

சுல்மீரா கதவைச் சாத்திவிட்டு லிஸ்பனுக்குப் போன் போட்டாள்.

"வால்திர், செருப்பு உங்கம்மாவுக்கு அளவா இருக்குப்பா. திட்டிக்கிட்டே போட்டுக்கிட்டுப் போறாங்க."

மறுமுனையில் அவன் சிரித்தான். சுல்மீரா கொஞ்சம் தயங்கினாள்.

"அங்கே எங்கேயாவது என் ஜோசிமாரைப் பார்த்தா, அம்மாவுக்கு ஒரே ஒரு போன் பண்ணச் சொல்லுப்பா."