'வொய்' பிறந்த கதை

"இந்த 'வொய்'ங்கற இங்கிலீஷ் வார்த்தை எங்கேருந்து வந்துச்சுங்க?"

கேட்டுவிட்டு, நூலகத்தின் தகவல் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார் பெரியவர். வாரம் தவறாமல் வருகிறவர்தான். மழை பெய்தால் மண் ஏன் மணக்கிறது, கொட்டாவி ஏன் தொற்றிக்கொள்கிறது என்று எதையாவது தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல் அனுப்பக் கூடாது என்பது அந்த மேஜையின் சட்டம். அதனால் மேஜைக்குப் பின்னால் இருந்தவள் பதில் சொல்லிவிடுவாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

இன்றோடு அந்த மேஜைக்கு மூடுவிழா. நாளையிலிருந்து கம்ப்யூட்டர்தான், வீட்டில் உட்கார்ந்தே கேட்டுக்கொள்ளலாம், அலைச்சல் மிச்சம் என்றார் காவலாளி. பெரியவர் காதில் அது ஏறவேயில்லை. இனி இங்கே வர ஒரு சாக்கு இருக்காதே என்ற தவிப்பு அவருக்கு.

அவள் தலையணைத் தடிமனில் ஓர் அகராதியை இழுத்துப் பிரித்தாள்.

"ரொம்பப் பழைய சொல்லு சார். 'வாட்'டோட ஒரு வடிவம்தான் அது."

"'வாட்'னா 'என்ன'ன்னுதானே அர்த்தம்?"

"ஆமா. நம்ம 'எது'லேருந்து 'எதனால' வரல? அந்த மாதிரி. அந்த 'எதனால'தான் தேய்ஞ்சு தேய்ஞ்சு 'வொய்' ஆயிடுச்சு."

அட, இவ்வளவு சின்னச் சொல்லுக்குள் இத்தனை சங்கதியா என்று வாயைப் பிளந்தார் பெரியவர். 'ஹூ', 'ஹௌ' எல்லாமே அந்த ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தான் என்றாள் அவள். அவர் கேட்காததை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

காவலாளி ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தார். பெரியவர் எழுந்தார். இன்னொரு கேள்வி கிடைக்குமா என்று மண்டையைக் குடைந்து பார்த்தார். பாழாய்ப்போன மூளை, வேண்டிய நேரத்தில் ஒன்றும் தரவில்லை.

"அப்போ வரேங்க."

"கொஞ்சம் உக்காருங்க. இத்தனை நாளா நீங்கதான் கேட்டீங்க. இப்ப நான் ஒண்ணு கேக்கணும்."

அகராதியை மூடி ஓரமாக நகர்த்தினாள்.

"என் கல்யாணத்துக்கு நீங்க ஏன் வரல, அப்பா?"