எழுபத்தைந்து கிலோ

"மாசத்துக்கு எழுபத்தஞ்சு கிலோவா?"

கணக்கெடுக்க வந்தவள் மறுபடியும் கேட்டாள்.

"எழுபத்தஞ்சுதான். காது நல்லாத்தானே கேக்குது?" என்றாள் லாரி டிரைவரின் மனைவி.

வீடு வீடாகப் போய், யார் எவ்வளவு தானியம் சாப்பிடுகிறார்கள் என்று எழுதும் அரசாங்க வேலை. சேர்ந்து பதினாறு நாள்தான் ஆகிறது. எண்ணைத் தட்டியதும் டேப்லெட்டில் அந்தக் கட்டம் சிவப்பாகிவிட்டது.

"ஒரே அடுப்புல சாப்பிடுறவங்கதான் எங்க கணக்குல ஒரு குடும்பம். நீங்க மூணு பேர்னு சொன்னீங்க. மூணு பேருக்கு இவ்வளவு வராதே அக்கா."

"எங்களுக்குப் பசி ஜாஸ்தி."

"விளையாடாதீங்க. காரணம் எழுதலைன்னா இது மேல போயிடும். ஆள் வந்து விசாரிப்பாங்க."

"வரட்டும். நான் சாப்பிடுறதுக்கு உன் மெஷின்கிட்ட உத்தரவு வாங்கணுமா?"

கணக்கெடுப்பவள் மேற்பார்வையாளருக்கு போன் போட்டாள்.

"முப்பதுன்னு போட்டுட்டு வாம்மா. ஒரு வீட்டுக்கு இவ்வளவு நேரமா?"

"அவங்க சொல்லாததை எப்படி சார் எழுதறது?"

போன் வைக்கப்பட்டது.

பக்கத்து வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவங்க எப்படிக் காரணம் சொல்லுவாங்க? புருஷன் துறைமுகத்துலேர்ந்து கப்பல்ல வந்த மாவு ஏத்திட்டு வர்றாரு. வழியில நாலு மூட்டை இறங்காமலா இருக்கும்? எழுதிக்கங்க மேடம்!"

மாவு மில்லில் வேலை பார்த்தவர். வெளிநாட்டுக் கோதுமை மாவு கப்பலில் மலிவாக வந்து இறங்க, மில்லைப் பூட்டி ஏழு மாதம்.

டிரைவரின் மனைவிக்கு முகம் சிவந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த வீட்டு ஜன்னலில் நின்ற அவர் மனைவியைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"எழுபத்தஞ்சு. ஒரு கிலோ குறைச்சாலும் கையெழுத்துப் போட மாட்டேன்."

'விசாரணை தேவை' என்ற பட்டனுக்கு மேலே கணக்கெடுப்பவளின் விரல் நின்றது. அழுத்தினால் டிரைவரின் வேலைக்கு வேட்டு. அழுத்தாவிட்டால் தன் வேலைக்கு.

"பக்கத்து வீட்டை முடிச்சுட்டு வரேன் அக்கா."

மில்காரர் தயாராக நின்றிருந்தார்.

"நல்லா எழுதுங்க மேடம். இந்த வாசலைத் தாண்டி ஒரு பிடி கப்பல் மாவு உள்ள வந்ததில்ல. என் மில்லுக்குப் பூட்டு போட்ட மாவை என் பிள்ளைங்களுக்குப் போடுவேனா? பட்டினி கிடந்தாலும் கிடப்பேன்!"

"எத்தனை பேர் சார்?"

"நாங்க ரெண்டு பேர், பசங்க மூணு."

"மாசத்துக்கு எத்தனை கிலோ?"

சட்டென்று சுருதி இறங்கியது. "அதெல்லாம் அவ டிபார்ட்மென்ட்."

"உள்ள வாங்க மேடம், சொல்றேன்" என்று அவர் மனைவி சமையலறைக்குள் கூட்டிப் போனாள்.

அடுப்பின் மேல் பள்ளிக்கூடப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன.

"பூஜ்யம்னு போட்டுக்கங்க" என்றாள் மெதுவாக.

"பூஜ்யமா? அப்போ சாப்பாடு?"

அவள் நடுச்சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஏழு மாசமா அந்தப் பக்கத்து அடுப்புலதான். எங்க அஞ்சு பேருக்கும் சேர்த்துதான் அக்கா மாவு பிசையறாங்க. வெளிய சொல்லாதீங்கன்னு நான்தான் கெஞ்சிக் கேட்டிருக்கேன்."

கணக்கெடுப்பவள் முந்தைய வீட்டின் பக்கத்தைத் திறந்தாள். 'மூன்று' என்பதை அழித்து 'எட்டு' என்று தட்டினாள்.

சிவப்பு மறைந்தது.

"என்ன மேடம், கப்பல் மாவு இந்த வீட்டு வாசலைத் தாண்டினதில்லைன்னு எழுதியாச்சா?" வெளியே இருந்து கம்பீரமாக வந்தது குரல்.

"சாருக்கு நிஜமாவே தெரியாதா?"

அவர் மனைவி புத்தகங்களை நேராக அடுக்கி வைத்தாள்.

"மாவா வந்தா வீசி எறிவார் மேடம். ரொட்டியா வந்தா, எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கவே மாட்டார்."