சத்தமாக ஒரு மாதா பாட்டு

"ஒங்க ராக் பாட்டுல திடீர்னு ஒரு பொம்பள கத்துற மாதிரி கத்துறீங்க. பின்னால மாதா பாட்டு வேற ஓடுது. எங்கருந்து சார் புடிச்சீங்க இத?" என்று தினகரிடம் கேட்டார் பேட்டி எடுக்க வந்தவர்.

காப்பியோடு வந்த தனபாக்கியம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அந்த நாளில், புருஷன் கதவைச் சாத்திக்கொண்டு அவளை அடிக்கத் தொடங்கினால், பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா டேப்பில் மாதா பாட்டைச் சத்தமாக வைத்துவிடுவாள். அலறல் வெளியே கேட்டு தனபாக்கியத்தின் மானம் போய்விடக் கூடாதே என்றுதான். கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்த மகன் இரண்டையும் சேர்த்தே கேட்டு வளர்ந்தான்.

தினகர் அம்மாவைப் பார்த்தான். "எல்லாம் வெளிநாட்டுப் பாட்டுங்கள கேட்டுக் கேட்டு வந்ததுதான் சார்."

பிடித்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது அவளுக்கு.

வந்தவர் போனதும், ஆறிப்போன காப்பியை மேசையில் வைத்தாள்.

"அக்கா மூடி வச்சத நீ மைக்கு வச்சுப் பாடுறியேடா."

"அந்த எடம் வந்தா மொத்தக் கூட்டமும் சேந்து கத்துதும்மா."

அவள் அலுப்போடு நாற்காலியில் சாய்ந்தாள்.

"அன்னிக்கு எனக்காக ஒருத்தர் கத்தியிருந்தாப் போதுமே."