கையெட்டும் தூரம்

திரையில் அவனுடைய ஆள் நடந்து வந்து அவளுடைய ஆளின் மூக்கருகே நின்றான்.

அடிக்கவில்லை. சும்மா நின்றான்.

இந்தச் சண்டை விளையாட்டில் ஜாய்ஸ்டிக்கை எதிராளிக்கு எதிர்ப்பக்கம் இழுத்தால் தடுப்பு. எந்தக் குத்தும் இறங்காது. ஆனால் தடுத்துக்கொண்டு நிற்பவரை அப்படியே பிடித்துத் தூக்கி எறியலாம். சும்மா நிற்கிறவன் அதற்குத்தான் காத்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். இழுக்கக் கூடாது. முந்திக்கொண்டு குத்த வேண்டும். பட்டனில் விரலை வைத்துவிட்டாள்.

ஒரு கை எழுந்தது.

திரையில் இல்லை. இங்கே, அவள் இடது கன்னத்துக்குப் பக்கத்தில்.

அவள் உடம்பு வலப்பக்கம் ஒடுங்கியது. ஜாய்ஸ்டிக்கும் கூடவே போனது; அவளுடைய ஆள் தடுத்துக்கொண்டு நின்றான்.

பக்கத்து நாற்காலியில் இருந்த சபரீஷ் காலரைச் சரிசெய்கிறவன் போலக் கையை இறக்கினான். அவனுடைய ஆள் பிடித்தான். எறிந்தான்.

அந்த மாலின் மூன்றாம் தளமே கைதட்டியது. அரையிறுதி முடிந்தது.

தூரத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. தன் உதை எட்ட வேண்டும், எதிராளியின் குத்து எட்டக் கூடாது. அந்த ஒரு முழ இடைவெளியைக் கட்டிக் காப்பது அவளுக்குக் கைவந்த கலை. அதை வைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தாள். மாநில அணியில் இடம் கிடைத்தால் சென்னையில் பயிற்சி, விடுதி. அப்பா இருக்கும் வீட்டுக்கு ஒரு வருடம் திரும்ப வேண்டாம்.

முதல் சுற்றிலும் இதே கைதான் எழுந்தது. தற்செயல் என்று நினைத்திருந்தாள். நினைக்கத்தான் விரும்பினாள்.

இப்போது திரும்பி அவன் கழுத்தைப் பார்த்தாள். வட்டக் கழுத்து பனியன்.

காலரே இல்லை.

நண்பன் என்று அவளுக்கு இருந்தது அவன் ஒருவன்தான். ஒருநாள் டீ ஆறிப்போகும்வரை அவனிடம் எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள். அப்பாவின் கை எப்படி எழும், எழுந்ததும் தன் உடம்பு எப்படித் தானாக ஒடுங்கும், அடி விழாத நாளிலும் ஒடுங்கும் என்று. குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டான். எவ்வளவு நல்லவன் என்று அன்று அழுதுகூட விட்டாள்.

பாவி. பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

நடுவரிடம் என்னவென்று சொல்வது? கையைத் தூக்கினான் என்றா? தூக்கினால் உனக்கென்ன என்று கேட்பார். அதற்கு இத்தனை பேர் முன்னால் பதில் சொல்ல வேண்டும்.

அவன் எழுந்தான். ஒன்றும் தெரியாதவன் போலச் சிரித்தான்.

“டீம்ல இன்னும் ஒரு சீட் இருக்குதுல்ல. அடுத்த மேட்ச்ச ஜெயிச்சுட்டு வா. ரெண்டு பேரும் ஒண்ணாப் போலாம்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம்தான். வேறு எதுவும் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

கடைசி இடத்துக்கான ஆட்டம். இந்த முறை அவளை இடப்பக்கம் உட்காரச் சொன்னார்கள். சபரீஷ் எழுந்த நாற்காலி. சூடு இன்னும் ஆறவில்லை.

வலப்பக்கம் ஒரு கல்லூரிப் பெண் வந்து உட்கார்ந்தாள். சுகிர்தா என்று அடையாள அட்டை சொன்னது.

“அக்கா, உங்க வீடியோ ஒண்ணு விடாம பாத்திருக்கேன். உங்களப் பாத்துத்தான் தள்ளி நின்னு ஆடவே கத்துக்கிட்டேன்.”

உண்மைதான். அதே ஒரு முழம். அதே உதை. கண்ணாடியோடு சண்டை போடுவது போலிருந்தது. முதல் சுற்று அந்தப் பெண்ணுக்குப் போனது.

எரிச்சலில் அவள் நாற்காலியை வெடுக்கென்று முன்னால் இழுத்துப் போட்டாள். தரை கிறீச்சிட்டது.

சுகிர்தாவின் இடது தோள் காதுவரை ஏறி, மெல்ல இறங்கியது. உடனே ஒரு அசட்டுச் சிரிப்பு.

அந்தத் தோளை அவளுக்குத் தெரியும். அந்தச் சிரிப்பையும் தெரியும்.

யார் என்று கேட்கத் தோன்றியது. அப்பாவா, அண்ணனா. கேட்டிருந்தால் இவள் சொல்லியிருப்பாள்.

இரண்டாவது சுற்று தொடங்கியது.

அவளுடைய ஆள் உதைக்கவில்லை. இடைவெளி பார்க்கவில்லை. நேராக நடந்துபோய் அந்தப் பெண்ணுடைய ஆளின் மூக்கருகே நின்றான்.

சும்மா நின்றான்.

விளையாடும்போது கண்ணில் விழக் கூடாதென்று காலையிலேயே முடியை எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தாள். ஒன்றுகூடக் கலையவில்லை.

அந்த முடியை ஒதுக்கிவிட, அவள் வலது கை பட்டன்களை விட்டு, சுகிர்தாவின் கன்னத்துக்குப் பக்கத்தில் எழுந்தது.